ஜில்டா பயிற்சிக்களமும் கிரிட் கணிமைக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பல நாடுகளில் பல நிறுவனங்களுக்கு உரிமையான கணினிகளை ஒரே வளம்போலப் பயன்படுத்த வழிசெய்வது கிரிட் கணிமை. அதனைக் கற்பிப்பதற்கென இத்தாலிய நாட்டுக் கத்தானியா நகரில் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது ஜில்டா என்னும் பயிற்சிக்களம். அது தோன்றிய சூழல், அதில் நிகழ்ந்த கற்றலின் முறை, அதன் வரம்புகள், பின்னர் நேர்ந்த மாற்றங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கிரிட் கணிமையின் அடிப்படை, நிறுவனங்களுக்கு இடையிலான நம்பிக்கை ஏற்பாடே என்பதும், அந்த ஏற்பாட்டை ஓர் ஆய்வகத்தின் நான்கு சுவர்களுக்குள் கற்பிக்க இயலாது என்பதும், பிழைசெய்ய இடந்தரும் உண்மையான களம் ஒன்றே அதனைக் கற்பிக்க வல்லது என்பதும் இதன் துணிபு.

முதன்மைச் சொற்கள்: கிரிட் கணிமை, ஜில்டா, கத்தானியா, சான்றிதழ், மெய்நிகர் அமைப்பு, பயிற்சிக்களம்.

முன்னுரை

கணினியியலின் வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறாகவும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவும் எழுதப்பெற்று வருகிறது. அவற்றைப் பயன்படுத்தியோர் எங்கே, எவ்வாறு கற்றனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பெறுகிறது. ஒரு தொழில்நுட்பம் அதனை உருவாக்கிய குழுவின் எல்லையைத் தாண்டிப் பரவுவதும் பரவாமல் நின்றுவிடுவதும் பல வேளைகளில் இவ்வினாவுக்கான விடையையே சார்ந்துள்ளன. கிரிட் கணிமை இதற்குத் தக்க சான்றாகும். தனிக் கணினியை விலைக்கு வாங்கி வீட்டிலேயே பழகலாம். நிரல்மொழியை நூல் கொண்டு கற்கலாம். கிரிட்டை அவ்வாறு கற்க இயலாது. அது ஒருவர் உடைமையாக வைத்துக்கொள்ளக்கூடிய பொருளன்று. பலர் உடன்பட்டு நடத்தும் ஏற்பாடு அது. அத்தகைய ஒன்றைப் புதியவர்க்குக் கற்பிக்க எடுக்கப்பெற்ற முயற்சிகளுள் ஜில்டா குறிப்பிடத்தக்கது.

கிரிட் கருத்தின் தோற்றம்

1995 டிசம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மீத்திறன் கணிமை மாநாடு நடைபெற்றது. அதனையொட்டி ஐ-வே என்னும் சோதனை மேற்கொள்ளப்பெற்றது. வட அமெரிக்காவின் 17 இடங்களில் இருந்த கணினிகளை அதிவேக வலையமைப்பால் இணைத்து, அவற்றின்மேல் பல்துறைச் செயலிகளை இயக்கிக் காட்டியது அச்சோதனை. அதில் பங்கேற்ற இயன் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மன் முதலியோர் பின்னர் குளோபஸ் என்னும் மென்பொருள் கருவித்தொகுதியை வளர்த்தெடுத்தனர். இவ்விருவரும் பதிப்பித்த நூலொன்று 1998இல் வெளிவந்து, கிரிட் என்னும் சொல்லை அறிவியல் உலகில் நிலைபெறச் செய்தது. மின்சாரக் கட்டமைப்பை ஒப்புமையாகக் கொண்டு அமைந்த பெயர் இது. மின்னாற்றல் எந்த நிலையத்தில் பிறந்தது என்று அறியாமலே விளக்கேற்றுவது போல, கணக்கிடும் ஆற்றல் எங்குள்ளது என்று அறியாமலே பயனர் அதனைப் பெறவேண்டும் என்பதே உட்கருத்து.

இவ்வொப்புமை கவர்ச்சியானது, ஆயினும் ஒரு முக்கியமான கூற்றை அது மறைத்துவிடுகிறது. மின்சாரம் பெறுபவர் மின்நிலையத்திற்குள் நுழைவதில்லை. கிரிட் பயனரோ அயல் நிறுவனத்தின் கணினியில் தாம் எழுதிய நிரலை இயக்குகிறார். அந்நிறுவனம் அவரை நம்பவேண்டும்; நம்புவதற்கு அடிப்படை வேண்டும். 2001இல் ஃபாஸ்டர், கெசல்மன், ஸ்டீவன் டூக்கி ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை, ‘மெய்நிகர் அமைப்பு’ என்னும் கருத்தை மையமாக வைத்தது இதனாலேயே. வெவ்வேறு நிறுவனங்களைச் சார்ந்தவர்கள் ஒரு பொதுநோக்கிற்காகத் தத்தம் வளங்களை வரையறுத்த விதிகளின்படி பகிர்ந்துகொள்ளும் குழுவே மெய்நிகர் அமைப்பு. 2002இல் ஃபாஸ்டர், கிரிட் எனத் தகும் ஒன்றுக்கு மூன்று அளவுகோல்களை வகுத்தார். ஒரே மையத்தின் ஆளுகைக்கு உட்படாத வளங்களை அது ஒருங்கிணைக்க வேண்டும். திறந்த, பொதுவான நெறிமுறைகளைப் பின்பற்ற வேண்டும். எளிதில் கிட்டாத சேவைத் தரத்தை அளிக்க வேண்டும். இவற்றுள் முதலாவது அளவுகோல் கல்விக்கு ஒரு சிக்கலை உருவாக்கியது. ஓர் ஆசிரியர் தம் ஆய்வகத்தில் பத்துக் கணினிகளை இணைத்து மாணவர்க்குக் காட்டுவாராயின், அது அவர் ஒருவரின் ஆளுகைக்கு உட்பட்டதாகிவிடும். கற்பிக்க வேண்டிய பொருளின் முதற்பண்பே அங்கு இல்லாது போகும்.

ஐரோப்பியச் சூழலும் பயிற்சியின் தேவையும்

ஐரோப்பாவில் கிரிட் கணிமையை முன்னெடுத்தது துகள் இயற்பியல். ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் அமைக்கப்பெற்றுவந்த பெரும் ஹாட்ரான் மோதுவி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 15 பெட்டாபைட் தரவை ஈனும் என மதிப்பிடப்பெற்றிருந்தது. இதனை ஒரே இடத்தில் வைத்துப் பகுத்தாய்வது இயலாததாயிருந்தது. எனவே செர்ன் தலைமையில் 2001 முதல் 2004 வரை ஐரோப்பியத் தரவுக் கிரிட் திட்டம் நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து 2004 ஏப்ரலில் இ.ஜி.இ.இ. என்னும் பெருந்திட்டம் தொடங்கியது. 27 நாடுகளைச் சார்ந்த 70 நிறுவனங்கள் அதில் இணைந்தன. துகள் இயற்பியலும் உயிர்மருத்துவமும் அதன் முன்னோடித் துறைகளாகக் கொள்ளப்பெற்றன. பிற துறைகளையும் ஈர்ப்பது திட்டத்தின் நோக்கமாயிருந்தது.

புதிய துறையினரை ஈர்ப்பதென்றால் அவர்களைப் பயிற்றுவித்தாக வேண்டும். இ.ஜி.இ.இ. திட்டத்தில் பயிற்சிப் பணிக்கு எடின்பரோவில் இருந்த தேசிய மின்அறிவியல் மையம் தலைமை தாங்கியது. ஆனால் பயிற்சியை எங்கே நடத்துவது என்னும் வினா எழுந்தது. நடைமுறையில் இயங்கும் கிரிட்டிலேயே பயிற்சி நடத்துவதற்குத் தடைகள் பல இருந்தன. முதலாவது, அதில் நுழைவதற்குரிய சான்றிதழைப் பெற விண்ணப்பதாரர் தம் நாட்டுப் பதிவு அலுவலரிடம் நேரில் சென்று அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் பயிற்சிக்கு வருபவர் இதனைச் செய்து முடித்து வருவார் என்று எதிர்பார்க்க இயலாது. இரண்டாவது, ஆய்வாளர்களின் நீண்ட பணிகள் நிறைந்த வரிசையில் மாணவரின் ஒரு நிமிடப் பணி மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். மூன்றாவது, கற்பவர் பிழை செய்வார். அப்பிழை பிறரது ஆய்வைப் பாதிக்கலாம் என்ற அச்சம் நிலவும் இடத்தில் எவரும் துணிந்து முயன்று பார்ப்பதில்லை.

ஜில்டாவின் அமைப்பு

இத்தடைகளுக்கு விடையாக, இத்தாலியின் தேசிய அணுக்கரு இயற்பியல் நிறுவனமாகிய ஐ.என்.எஃப்.என். 2004இல் ஜில்டாவைத் தொடங்கியது. ‘பரப்புதல் பணிகளுக்கான ஐ.என்.எஃப்.என். கிரிட் ஆய்வுக்கூடம்’ எனப் பொருள்படும் பெயரின் சுருக்கமே ஜில்டா. சிசிலித் தீவிலுள்ள கத்தானியாவில் இயங்கிய குழு இதனை நடத்தியது. அந்நகரப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ராபர்த்தோ பார்பெரா இம்முயற்சியின் முன்னோடி.

ஜில்டா ஒரு பாவனைக் கருவியாகவோ காட்சிப் பொருளாகவோ அமையவில்லை. நடைமுறைக் கிரிட்டில் இருந்த ஒவ்வோர் உறுப்பும் அதில் தனியே அமைக்கப்பெற்றது. தனக்கெனச் சான்றளிப்பு மையம், தனக்கென மெய்நிகர் அமைப்பு, பணிகளை உரிய கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வளத் தரகர், சேமிப்பகங்கள், கோப்புப் பட்டியல், கண்காணிப்பு ஏற்பாடு ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. அதில் இயங்கியதும் நடைமுறைக் கிரிட்டில் இயங்கிய அதே இடைநிலை மென்பொருள்தான். கணினிகளும் கத்தானியாவில் மட்டும் இருக்கவில்லை. வெவ்வேறு நாடுகளின் நிறுவனங்கள் தாமே முன்வந்து தத்தம் இயந்திரங்களை இதற்கு ஒதுக்கின. ஆகவே ஃபாஸ்டர் வகுத்த முதல் அளவுகோலை இப்பயிற்சிக்களம் நிறைவு செய்தது. அளவில் சிறியதாயினும் அது உண்மையான கிரிட்டே.

வேறுபாடு ஒரே இடத்தில் அமைந்தது. ஜில்டாவின் சான்றளிப்பு மையம், கற்க விரும்பிய எவருக்கும் இரு வாரங்கள் மட்டுமே செல்லும் சான்றிதழை எளிதில் வழங்கியது. அச்சான்றிதழ் பயிற்சிக்களத்திற்குள் மட்டுமே செல்லும். நடைமுறைக் கிரிட் அதனை ஏற்பதில்லை. இந்த ஒரு தீர்மானத்தின் நுட்பம் எண்ணத்தக்கது. பாதுகாப்பின் வழிமுறைகள் எவையும் தளர்த்தப்பெறவில்லை. அவற்றின் விளைவு சென்றெட்டும் எல்லை மட்டும் சுருக்கப்பெற்றது. மாணவர் மெய்யான விதிகளின்கீழ்ப் பழகினார். அவரது பிழையோ களத்தின் வேலியைத் தாண்டவில்லை.

கற்றல் நிகழ்ந்த முறை

கிரிட் பயிற்சியின் முதற்பாடம் கணக்கீடு அன்று, அடையாளம். மாணவர் தம் உலாவியின் வழியாகத் திறவுகோல் இணையொன்றை உருவாக்குவார். தனித் திறவுகோல் அவரிடமே தங்கும். பொதுத் திறவுகோல் சான்றளிப்பு மையத்திற்குச் சென்று கையொப்பம் பெற்றுச் சான்றிதழாகத் திரும்பும். பின்னர் அவற்றை உலாவியிலிருந்து வெளியே எடுத்து, இரு கோப்புகளாகப் பிரித்து, பயனர் கணினியில் உரிய இடத்தில் வைக்கவேண்டும். தனித் திறவுகோல் உள்ள கோப்பைப் பிறர் படிக்க இயலும்படி விட்டிருந்தால் மென்பொருள் மேற்கொண்டு செல்ல மறுத்துவிடும். கணினியின் கடிகாரம் சில நிமிடங்கள் பிந்தியிருந்தால், புதிதாகப் பெற்ற சான்றிதழ் ‘இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ எனத் தள்ளப்பெறும். நூலில் ஒரு வரியில் கடந்து செல்லக்கூடிய இச்செய்திகள் பயிற்சிக்கூடத்தில் ஒரு முற்பகலையே எடுத்துக்கொள்ளக் கூடியவை. ஆனால் அம்முற்பகலில்தான், தம்மை ஒருபோதும் கண்டிராத ஒரு நிறுவனம் தம்மை ஏன் நம்பவேண்டும் என்ற வினாவை மாணவர் முதன்முறை எதிர்கொள்கிறார்.

அடுத்தது பதிலிச் சான்றிதழ். தம் தனித் திறவுகோலை வெளியே அனுப்பாமலே, தம் சார்பில் செயற்பட ஏறத்தாழ 12 மணிநேரம் செல்லும் ஓர் அதிகாரத்தை மாணவர் உருவாக்குவார். நிகராளிக்குக் குறுகிய காலத்திற்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் போன்றது இது. பணி அந்நேரத்திற்குள் முடியாவிடில் அதிகாரம் காலாவதியாகி, பணியும் பாதியில் கெடும். காலவரையறை ஏன் விதிக்கப்பெற்றது, நீண்ட பணிகளுக்கு அதனை எவ்வாறு புதுப்பிப்பது என்பன அதன்வழிக் கற்கப்பெற்றன.

மூன்றாம் நிலையில் பணி அனுப்பப்பெறும். இயக்கவேண்டிய நிரல், உடன் செல்லவேண்டிய கோப்புகள், திரும்பி வரவேண்டிய கோப்புகள், கணினிக்கு இருக்கவேண்டிய தகுதிகள் ஆகியவற்றைப் பணி விவரிப்பு மொழியில் மாணவர் எழுதுவார். வழக்கமான முதற்பணி மிக எளியது: நிரல் எந்தக் கணினியில் இயங்குகிறதோ அக்கணினியின் பெயரைக் கேட்டு எழுதுவது. பணி ஒப்படைக்கப்பெற்றது, காத்திருக்கிறது, ஆயத்தமானது, வரிசையில் உள்ளது, இயங்குகிறது, முடிந்தது என ஒவ்வொரு நிலையாக நகரும். இறுதியில் வந்த கோப்பைத் திறந்தால், மாணவர் அமர்ந்திருக்கும் கணினியின் பெயரன்றி, வேற்றூரிலுள்ள ஏதோ ஒரு கணினியின் பெயர் அதில் இருக்கும். கணக்கீட்டின் அளவில் அற்பமான இவ்விடை, கிரிட் என்பது யாது என்பதை விரிவுரைகளைவிடத் தெளிவாக உணர்த்தியது.

பணிகள் எப்போதும் முடிவதில்லை. நிறைவேறாத தகுதியை விதித்தவருக்குப் ‘பொருந்தும் வளம் இல்லை’ என்ற மறுமொழி வரும். சில வேளைகளில் பிழை மாணவருடையதாக இராது. தொலைவிலுள்ள தளமொன்று செயலிழந்திருக்கும். தன் பிழை எது, அமைப்பின் பிழை எது எனப் பிரித்தறிவது பரவலான அமைப்புகளில் பணிபுரிவோர்க்கு இன்றியமையாத திறன். ஒரே கணினியில் பயின்றவருக்கு அத்திறன் வாய்ப்பதில்லை. தன்னார்வமாக அளிக்கப்பெற்ற இயந்திரங்களைச் சார்ந்திருக்கும் களம் எதற்கும் தவிர்க்க இயலாத இக்குறை, ஓரளவுக்குப் பாடமாகவும் அமைந்தது.

கட்டளைவரியா, வலைவாசலா?

ஜில்டாவின் பயிற்சி இருவழிகளில் நிகழ்ந்தது. ஒன்று, மேலே கூறிய கட்டளைவரி வழி. மற்றொன்று, ஜீனியஸ் என்னும் வலைவாசல். ஐ.என்.எஃப்.என். நிறுவனமும் நைஸ் என்னும் இத்தாலிய மென்பொருள் நிறுவனமும் கூட்டாக உருவாக்கிய இவ்வலைவாசலில், உலாவி ஒன்று இருந்தாலே பணியை அனுப்பவும் விளைவைப் பெறவும் முடிந்தது. ஹங்கேரியில் உருவான பி-கிரேடு வலைவாசலும் ஜில்டாவோடு இணைக்கப்பெற்றது.

இவ்விரு வழிகளுக்கும் இடையே கல்வி நோக்கில் ஒரு முரண் இருந்தது. உயிரியலாளரோ மருத்துவ இயற்பியலாளரோ சான்றிதழ்க் கோப்புகளின் அனுமதி எண்களை அறிந்திருக்கத் தேவையில்லை. வலைவாசல் அவர்களுக்கு உகந்தது. ஆனால் வலைவாசலின்வழி மட்டும் பயின்றவர், அது பழுதுறும்போது காரணத்தைக் காண இயலாதவராவார். கட்டளைவரியில் பயின்றவர் காரணத்தை அறிவார். ஆனால் அந்நிலையை எட்டும் முன்னரே பலர் சோர்ந்து விலகக்கூடும். ஜில்டா இவ்விரண்டில் ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்ளவில்லை. தளப் பொறுப்பாளர், நிரலாக்குநர், பயனர் எனக் கற்பவரைப் பிரித்து அவரவர்க்கு ஏற்ற வழியைத் திறந்து வைத்தது. தளம் அமைக்கக் கற்க விரும்பியோர்க்கென, ஒரே கணினிக்குள் நிறுவத்தக்க மெய்நிகர் இயந்திரப் படிமங்களும் வழங்கப்பெற்றன.

எல்லைகள் கடந்த பரவல்

இத்தாலியின் விக்கோ எக்வென்சே என்னும் கடற்கரை ஊரில் 2003 முதல் நடைபெற்ற பன்னாட்டுக் கிரிட் கணிமைக் கோடைப்பள்ளியின் செய்முறைப் பயிற்சிகளில் ஜில்டாவும் பின்னர் இடம்பெற்றது. 2006 முதல் ஐரோப்பாவை இலத்தீன் அமெரிக்கா, மத்தியதரைக் கடல் நாடுகள், சீனா, இந்தியா ஆகியவற்றோடு இணைக்கும் கிரிட் திட்டங்கள் அடுத்தடுத்துத் தொடங்கின. இப்பகுதிகளுள் பலவற்றில் அப்போது ஏற்கத்தக்க சான்றளிப்பு மையமே இல்லை. மையம் இன்றேல் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இன்றேல் கிரிட் இல்லை. கிரிட்டை அறிந்தோர் இன்றேல் மையத்தை அமைப்பவரும் இல்லை. இந்தச் சுழலை உடைக்கப் பயிற்சிக்களத்தின் தற்காலிகச் சான்றிதழ் உதவியது. தம் நாட்டில் கட்டமைப்பு உருவாகும் முன்னரே அதனை இயக்கக் கற்றவர்கள் உருவாக அது வழிவகுத்தது.

இந்தியாவில் சி-டாக் நிறுவனம் கருடா என்னும் தேசியக் கிரிட்டை அமைத்து, 17 நகரங்களின் 45 நிறுவனங்களை இணைக்க முனைந்தது. கருடா குளோபஸ் கருவித்தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பியக் கிரிட்டோ ஜிலைட் என்னும் மென்பொருளைக் கொண்டது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் கொல்கத்தாவின் மாறுபடு ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் செர்ன் சோதனைகளுக்கான இரண்டாம் அடுக்குத் தளங்களை நடத்தின. இவ்விரு மரபுகளும் ஒன்றோடொன்று உரையாட வகைசெய்வது 2006இல் தொடங்கிய ஐரோப்பிய–இந்தியக் கிரிட் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. இந்தியக் கிரிட் சான்றளிப்பு மையத்தையும் சி-டாக் நிறுவனமே பின்னர் நடத்தியது.

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, கணினியியல் மாணவர்க்கு ஏழாம் பருவத்தில் ‘கிரிட் மற்றும் மேகக் கணிமை’ என்னும் பாடத்தையும் அதற்குரிய ஆய்வகத்தையும் விதித்தது. குளோபஸ் கருவித்தொகுதியையோ அதற்கு நிகரானதையோ கொண்டு, கணிப்பான் போன்ற வலைச்சேவைகளை உருவாக்குவது முதலியன அதன் பயிற்சிகள். ஒரு கல்லூரியின் ஆய்வகத்திற்குள்ளேயே செய்து முடிக்கத்தக்கவை இவை. சேவையை எழுதவும் நிறுவவும் இவை கற்பித்தன. ஆயின் வேறொரு நிறுவனத்தின் நம்பிக்கையைப் பெற்று அதன் வளத்தைப் பயன்படுத்தும் அனுபவத்தைத் தனி ஆய்வகம் தர இயலாது. கல்லூரிகள் பலவற்றை இணைத்த பொதுப் பயிற்சிக்களம் ஒன்றிருந்தால் அப்பாடத்தின் பொருளே மாறியிருக்கும் என்பதை ஜில்டாவின் வரலாறு காட்டுகிறது.

வரம்புகளும் மாற்றங்களும்

ஜில்டாவின் வரம்புகளும் கருதத்தக்கன. பயிற்சி முடிந்து திரும்பியவருக்கு இரு வாரங்களில் சான்றிதழ் காலாவதியாகும். நடைமுறைக் கிரிட்டில் நுழைய அவர் மீண்டும் தம் நாட்டு வழிமுறைகளைத் தொடக்கத்திலிருந்து பின்பற்ற வேண்டியிருந்தது. பயிற்சிக்களம் கதவுவரை அழைத்துச் சென்றது. கதவைத் திறக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை. மேலும், களம் திட்டநிதியைச் சார்ந்தது. 2010 ஏப்ரலில் இ.ஜி.இ.இ. நிறைவுற்று, தேசியக் கிரிட்களின் கூட்டமைப்பு அதன் இடத்திற்கு வந்தபோது சூழலே மாறியிருந்தது. 2006இல் அமேசான் நிறுவனம் தொடங்கிய மேகக் கணிமைச் சேவையில், கடனட்டை ஒன்றே நுழைவுச்சீட்டாக இருந்தது. நம்பிக்கை என்னும் சிக்கலைக் கட்டணம் எளிதாகத் தீர்த்துவிட்டது. கிரிட்டின் நுழைவாயிலில் அஞ்சி நின்றோர் பலருக்கு அவ்வழி எளிதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

குளோபஸ் கருவித்தொகுதிக்கு அதன் உருவாக்குநர்கள் அளித்துவந்த ஆதரவு 2018 ஜனவரியோடு முடிவுக்கு வந்தது. அதனைப் பயன்படுத்திய சமூகத்தினர் அதன் பேணுதலைத் தாமே ஏற்றனர். செர்ன் சோதனைகளுக்கான உலகளாவிய கிரிட் இன்றும் இயங்குகிறது. எனினும் தனிநபர் சான்றிதழ்களுக்கு மாற்றாக வேறு அடையாள முறைகளை நோக்கி அதுவும் நகர்ந்து வருகிறது. இம்மாற்றத்தின் முன்னறிகுறி ஒன்றைக் கத்தானியாவிலேயே காணலாம். ஜில்டாவை நடத்திய அதே குழுவினர் பின்னாளில் உருவாக்கிய அறிவியல் நுழைவாயில்களில், பயனர் தம் நிறுவனம் அளித்த பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே நுழைய முடிந்தது. சான்றிதழைக் கையாளும் சுமையை நுழைவாயிலே ஏற்றுக்கொண்டது. பயிற்சிக்கூடத்தில் ஒரு முற்பகலை விழுங்கிய முதற்பாடம், ஈற்றில் மாணவரின் பாடத்திலிருந்தே அகற்றப்பெற்றது.

முடிவுரை

ஜில்டாவில் கற்பிக்கப்பெற்ற கட்டளைகளுள் பெரும்பாலானவை இன்று வழக்கில் இல்லை. அவற்றை மட்டும் கணக்கில் கொண்டால், அப்பயிற்சி வீண் என்று கருத இடமுண்டு. ஆனால் அங்குக் கற்றோர் பெற்றது கட்டளைகளின் பட்டியல் அன்று. தனக்குச் சொந்தமில்லாத கணினியில் எவ்வுரிமையால் தன் பணி இயங்குகிறது, அவ்வுரிமையை யார் அளித்தார், அது எவ்வளவு காலம் நீடிக்கும், பிழை நேரின் யார் பொறுப்பு என்னும் வினாக்களை எழுப்பும் பழக்கமே அவர்கள் பெற்றது. இவ்வினாக்கள் மேகக் கணிமையிலும் தொடர்கின்றன. அங்கு அவை கட்டணச் சீட்டின் பின்னால் மறைந்திருப்பதால் எளிதில் கண்ணிற் படுவதில்லை.

பயிற்சிக்களம் ஒன்றை அமைப்போர்க்கு இவ்வரலாறு தரும் நெறி தெளிவானது. கற்பிக்கப்பெறும் பொருளின் கடினமான கூறு எதுவோ, அதனை எளிமைப்படுத்தி நீக்கிவிடலாகாது. அதனை உள்ளவாறே வைத்து, பிழையின் விளைவு பரவும் எல்லையை மட்டும் குறுக்கவேண்டும். இரு வாரச் சான்றிதழ் செய்தது அதுவே. அத்துடன், களத்தில் பயின்றவர் நடைமுறைக்குச் செல்லும் பாதையும் முன்கூட்டியே அமைக்கப்பெற வேண்டும்; ஜில்டாவில் குறைவுபட்டது அப்பாதையே. பல்கலைக்கழகங்கள் புதிய கணிமைப் பாடங்களை வகுக்கும்போது, பாடத்திட்டத்தோடு நில்லாமல், அப்பாடத்தைப் பிழைசெய்து கற்பதற்குரிய பொதுக்களம் எங்கே உள்ளது என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும்.